அம்மாவின் ஏழாவது கல்

ஆனி மாசக் கடைசியில் மாயவரத்திலிருந்து போன். அம்மாவுக்குக் கழுத்து வலி, வலது பக்கம் திரும்ப முடியவில்லை. 'இடது பக்கமே திரும்பிக் காலத்தை ஓட்டலாமே' என்று தமாஷ் பண்ணியிருந்தால் என் மனைவி எனக்குக் கழுத்து வலி வரவழைத்திருப்பாள். ஆபீஸில் இரண்டு நாள் லீவு கேட்டேன். காரணம் நிஜமாக இருந்ததால் மேனேஜர் நம்பவில்லை. சோழன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

ஊரின் பேர் மயிலாடுதுறை. 2020 டிசம்பரிலிருந்து தனி மாவட்டம். கலெக்டர் ஆபீஸெல்லாம் வந்தாச்சு. எனக்கு மட்டும் இன்னும் மாயவரம்தான்.

டாக்டர், "பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார். எக்ஸ்ரே எடுக்கிற பையன், "தோட்டைக் கழட்டிடுங்கம்மா" என்றான். 1969-ல் கல்யாணத்துக்குப் போட்ட ஏழு கல் தோடு. ப்ளூ ஜாகர். பேர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. 'ஜாகர்' என்றால் ஒசத்தி, அவ்வளவுதான். நான் திருகினேன். பையன் திருகினான். திருகாணி அசையவில்லை. "பரவாயில்ல, தோடு நிழல் விழும், டாக்டர் புரிஞ்சுப்பாரு" என்று அப்படியே எடுத்துவிட்டான்.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. கழுத்து எலும்பை நான் பார்க்கவே இல்லை. தாடைக்குப் பக்கத்தில் இரண்டு தோடும் ஒன்றையொன்று கொஞ்சம் விலகி, வெள்ளை வெளேரென்று. தங்கம் மட்டும்தான் வெள்ளை. கல் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை!

"தம்பி, கல்லெல்லாம் விழுந்துடுச்சா?"

"இல்ல சார். எத்தனையோ பேருக்கு மூக்குத்தியோட எடுத்திருக்கேன். அசல் வைரம்னா எக்ஸ்ரேயில இப்படித்தான் ஓட்டையா விழும்" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த ஒண்ணுதான்..." என்று இழுத்தான்.

நடுக்கல்லைத் திருகாணி மறைத்திருந்தது. அதை விட்டுவிட்டு எண்ணினேன். ஒரு தோட்டில் ஆறும் ஓட்டை. இன்னொன்றில் ஐந்துதான் ஓட்டை. மிச்சம் ஒரு கல் தங்கத்துக்குச் சமமாகப் பளிச்சென்று வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எந்த ஆசாரி, எந்தக் கடை, எந்த வருஷம்? மனசுக்குள்ளேயே போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "அத விடுடா. ஆட்டோக்காரன் வெயிட்டிங் போடுவான்" என்றாள்.

*

வீட்டில் அக்கா பையன் வந்திருந்தான். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஐந்து வருஷமாக பிஎச்.டி. பண்ணுகிறான். 'எப்பப்பா முடிப்பே?' என்பது எங்கள் குடும்பத்தில் தடை செய்யப்பட்ட கேள்வி. ஆகவே, "என்ன சப்ஜெக்ட்?" என்று ஜாக்கிரதையாக ஆரம்பித்தேன்.

"டயமண்ட் ஃபிலிம், மாமா."

"ஹீரோ யாரு?"

"கார்பன்" என்றான், சிரிக்காமல். எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "சிம்பிள் மாமா. எக்ஸ் கதிரைத் தடுக்கறது எலெக்ட்ரான். வைரம் சுத்தக் கார்பன், ஓர் அணுவுல ஆறே எலெக்ட்ரான். கதிர் பாட்டுக்குப் போயிடும். தங்கத்துல எழுபத்தொன்பது. எலும்புல இருக்கற கால்சியத்துல இருபது. இந்த வெள்ளைக் கல்லு அனேகமா அமெரிக்கன் டயமண்ட். அதுல இருக்கற ஜிர்கோனியத்துல நாப்பது."

"அமெரிக்கான்னா வைரம் கூடவா கெட்டி?"

"அது அமெரிக்காவும் இல்ல, டயமண்டும் இல்ல, மாமா. ஜிர்கோனியம் ஆக்சைடு. நாங்க பண்றதுதான் டயமண்ட்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குடும்பத்தில் ஒருவன் வைரம் பண்ணுகிறான். நான் இன்னும் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறேன்.

அடுத்த வாரம் சென்னையில் அவன் லேபுக்கே போனேன். கையகலச் சிலிக்கன் வில்லை ஒன்றைக் காட்டினான். மேலே சாம்பல் பூசின மாதிரி ஒரு மங்கல் படலம். "இதான்" என்றான். முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இதை மோதிரத்தில் வைத்துக் கொடுத்தால் பெண் வீட்டார் சம்பந்தத்தையே முறித்துவிடுவார்கள்.

"இது வைரம்னு எப்படிடா தெரியும்?"

"அதுக்கும் எக்ஸ்ரேதான். ஆனா டாக்டர் பாக்கறது நிழல். நாங்க பாக்கறது, பட்டுத் திரும்பி வர்றதை."

*

இங்கேதான் சோழன் எக்ஸ்பிரஸ் உதவிக்கு வருகிறது. சீர்காழி தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். கயிறு கட்டி வரிசையாக நட்ட குறுவை வயல். நேரே பார்த்தால் பச்சையாக ஒரே குழப்பம். ரயில் நகர நகர, திடீரென்று ஒரு கோணத்தில் வரிசையெல்லாம் பிரிந்து சந்து சந்தாகத் தெரியும். மறையும். இன்னொரு கோணத்தில் வேறு சந்து திறக்கும். எந்தெந்தக் கோணத்தில் திறக்கிறது என்று குறித்துக்கொண்டால், வயலில் இறங்காமலே நாற்றுக்கு நாற்று இடைவெளி எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

படிகத்தில் அணுக்கள் அந்த நாற்று. எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக்கொண்டே கோணத்தை மாற்றினால், குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் அடுக்கடுக்காகத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு பலமாக வரும். இதைக் கணக்காக்கியவர்கள் பிராக் என்ற அப்பாவும் பிள்ளையும். 1913-ல் அவர்கள் இப்படிப் பிரித்துப் பார்த்த முதல் சில பொருட்களில் ஒன்று வைரம். ஒவ்வொரு கார்பனும் நாலு திசையில் நாலு கார்பனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கண்டார்கள். 1915-ல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. பிள்ளைக்கு வயசு 25. அந்த வயசில் நான் ஆபீஸில் இன்க்ரிமென்ட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடி பங்கு போட்டால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். லேபில் தாமிரத்திலிருந்து கிளப்பும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். வைரத்தில் ஒரு கார்பனுக்கும் பக்கத்துக் கார்பனுக்கும் உள்ள தூரமும் 1.54! பத்துக்குப் பத்து ஜாதகப் பொருத்தம்.

அக்கா பையன் ஒரு பொத்தானை அமுக்கினான். மெஷினின் கை மெதுவாகச் சுற்ற, திரையில் கோடு தரையோடு தரையாகப் போனது. 43.9 டிகிரியில் சட்டென்று ஒரு கோபுரம். அப்புறம் நீண்ட மௌனம். 75.3-ல் ஒரு சின்ன கோபுரம். "இதான் வைரத்தோட கைரேகை. 26.5 பக்கத்துல ஏதாவது எழுந்திருந்தா அது கிராஃபைட், பென்சில் கரி. அதுவும் கார்பன்தான். ஆனா நடவு வேற."

அவனுக்கு முன்னால் இதே வேலையைத் தென்னாட்டில் பார்த்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. நம் திருச்சிராப்பள்ளியில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு வைரம் என்றால் தீராத மோகம். நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார், போட்டு மினுக்க அல்ல, ஒளியும் எக்ஸ் கதிரும் பாய்ச்சிப் பார்க்க. எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படிக்க பெங்களூர் போன ஜி.என். ராமச்சந்திரன் என்ற பையனைத் தன் பௌதிகத் துறைக்கு இழுத்துக்கொண்டவரும் அவரே. அந்த ராமச்சந்திரன் 1944-ல் வைரத்தை எக்ஸ் கதிரால் படம் பிடித்தார். கல்லின் நிழலை அல்ல. அணு வரிசை உள்ளே எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே இழுபட்டிருக்கிறது என்று காட்டும் படம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, நம் தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்றார். அதைக் கண்டுபிடிக்கவும் இதே எக்ஸ் கதிர்தான்.

*

"சரி, வைரத்தை எப்படிப் பண்றே? மூலப்பொருள்?"

"மீத்தேன்."

"உஷ்! மெதுவாச் சொல்லு" என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வார்த்தையை உரக்கச் சொன்னால் டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். 2010-க்கு அப்புறம் அதை எதிர்த்து நடக்காத ஊர்வலம் இல்லை. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டமே வந்தது. குத்தாலத்தில் பூமிக்கடியில் எடுக்கும் இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். தண்ணீர் கட்டிய நெல் வயலில் சேற்றை மிதித்தால் குமிழி வருகிறதே, அதிலும் மீத்தேன். ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன்.

செய்முறை அசல் விவசாயம். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் நூறு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு மீத்தேன். மேலே டங்ஸ்டன் கம்பி 2000 டிகிரிக்கு மேல் தகதகக்கும். கீழே 800 டிகிரி வாக்கில் சிலிக்கன் வில்லை. அதன்மேல் முன்கூட்டியே நுண்ணிய வைரப்பொடி விதைத்தாக வேண்டும். மீத்தேன் உடைந்து கார்பன் இறங்கும். சும்மா விட்டால் அது சோம்பேறித்தனமாக கிராஃபைட் ஆகிவிடும். தனித்தனி அணுவாக உடைந்த ஹைட்ரஜன் அந்த கிராஃபைட்டைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கி எறியும். களையெடுப்பு! மணிக்கு ஒரு மைக்ரான் வளர்ந்தால் போதும் என்று காவல் இருப்பார்களாம். விதைத்த மணிகளில் எது நெட்டுக்குத்தாக வேகமாக வளர்கிறதோ அது பக்கத்திலிருப்பதை அமுக்கிவிட்டு மேலே போகும். இந்த விஷயம் மட்டும் எனக்கு விளக்கமில்லாமலே புரிந்தது. இருபத்தைந்து வருஷ ஆபீஸ் அனுபவம்.

இந்தப் படலம் அட்டிகைக்கு இல்லை. வைரம் தாமிரத்தைவிட ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சூடாகித் தவிக்கும் எலெக்ட்ரானிக் சில்லுக்கு அடியில் வைத்தால் ஏ.ஸி. மாதிரி. வெட்டும் கருவியின் முனையில் பூசினால் சீக்கிரம் மழுங்காது. ஆனால் மணிக்கும் மணிக்கும் நடுவே கரி தங்கினால் வெப்பம் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். ஆறும்போது சிலிக்கன் அதிகம் சுருங்கும், வைரம் கொஞ்சம்தான் சுருங்கும். இந்த மாமியார்-மருமகள் இழுபறியில் படலம் உரிந்து வந்துவிடும்.

இத்தனையையும் அந்த இரண்டு கோபுரங்களே சொல்லிவிடுகின்றன. கோபுரம் அகன்றிருந்தால் மணி பொடிசு. துளி இடம் நகர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம். பொடித்த வைரத்தில் முதல் கோபுரம் நூறு அடி என்றால் இரண்டாவது இருபத்தைந்து அடி. அந்த விகிதம் மாறினால் மணிகள் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அதற்கும் சிக்காத கரி, ராமன் விளைவில் சிக்கும். வைரத்துக்கு 1332 என்ற எண்ணில் ஒரே ஒரு கூர்மையான கோடு, கரிக்கு வேறு இடத்தில்.

*

"அப்ப பாட்டி தோட்டுல இருக்கற வைரமும் உன் வைரமும் ஒண்ணா?"

"அணு வரிசையில ஒண்ணுதான் மாமா. அதே 1.54, அதே 43.9. படலமாப் போகாம, ஒரு வைரத் துண்டையே விதையா வெச்சு வளர்த்தா தோட்டுக்கு வெக்கற ஒத்தைக் கல்லே கிடைக்கும். கடையில விக்கிறாங்களே, லேப் டயமண்டுனு."

நம் ஊரில் 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்பார்கள். அசல் என்றால் அசல்தான் என்ற திமிர். ஆனால் அம்பாள் மயிலாக வந்து பூஜை பண்ணிய தலம் எது என்று கேட்டால் மாயூரம் நாங்கள்தான் என்கிறது, மயிலாப்பூர் நாங்கள்தான் என்கிறது! வைரத்திலும் அதே வழக்கு. 2015-ல் சர்வதேசத் தர அமைப்பு, வைரம் என்று வெறுமனே சொன்னால் அது இயற்கையில் விளைந்தது மட்டும்தான் என்று வகுத்தது. 2018-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வைரத்துக்கான தன் விளக்கத்திலிருந்து 'இயற்கை' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. 2023-ல் நம் மத்திய அரசு, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுக்கூட வைரத்துக்கென்றே மையம் அமைக்க ஐந்து வருஷத்துக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கியது.

"வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியும். ஆனா வைரமா இல்லையாங்கறதுல இல்ல, வளர்ந்த கதையில. பூமிக்கடியில பல கோடி வருஷம் வெந்ததுல நைட்ரஜன் அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேர்ந்திருக்கும். எங்க வைரத்துக்கு அதுக்கு டைம் ஏது? அப்புறம், விதைக் கல்லுலேர்ந்து கிளம்பின வரிசைப் பிசகு மேல வரைக்கும் இழை இழையா ஓடும். ராமச்சந்திரன் எடுத்தாரே, அந்த மாதிரி எக்ஸ்ரே படம் எடுத்தாத் தெரியும். ஸ்கேன் சென்டர் எக்ஸ்ரேல ரெண்டும் ஓட்டைதான்."

எனக்கு அது போதும். அசல் கல்லின் விலையைக் கேட்டால் கழுத்து என்ன, முதுகும் சேர்ந்து வலிக்கும். லேப் கல் அதில் ஒரு சின்னப் பங்குதான். அடுத்த சனிக்கிழமையே மாயவரம் போய், "அம்மா, அந்த ஒரு கல்லை எடுத்துட்டு வைரமே வெச்சுடலாம்" என்றேன், அம்பானி குரலில்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அது வெள்ளைக் கல்லுன்னு எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்டா."

1994. நான் டிகிரி முடித்துவிட்டுத் திண்ணையைத் தேய்த்துக்கொண்டிருந்த வருஷம். அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதினார். ஒருநாள், "தோடு மங்கிக் கிடக்கு, பாலிஷ் போட்டுட்டு வரேன்" என்று வாங்கிப் போயிருக்கிறார். வந்ததும் அம்மா வழக்கம்போல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்திருக்கிறாள். வைரத்தில் மூச்சு பட்டால் ஆவி படிந்தவுடன் கலைந்துவிடும். (வெப்பத்தை வேகமாகக் கடத்தும் என்றானே!) ஒரு கல்லில் மட்டும் ஆவி நின்றது.

"அந்த மாசம்தான் ஒனக்குக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் பணம் கட்டினாரு."

டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ். ஆறு மாசம். இன்றைக்கு அந்த மூன்றையும் எந்த ஆபீஸிலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த சர்டிஃபிகேட்டைக் காட்டித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது.

"ஏம்மா அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலே?"

"கேட்டா அந்த மனுஷன் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுப்பாரு? எனக்குத் தெரியாதுன்னுதான் கடைசி வரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தாரு. நிம்மதியாப் போயிட்டாரு."

அப்பா போனது 2012-ல். ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. வந்ததும் அதையேதான் சொன்னேன். "அதுக்குத்தாம்மா. நான் அந்தக் கடனைத் தீர்க்கணும். லேப் கல்லுன்னா மட்டம் இல்ல. நூத்துக்கு நூறு வைரம்."

அம்மா யோசித்தாள். "அதையும் எக்ஸ்ரே எடுத்தா எப்படித் தெரியும்?"

"மத்த கல்லு மாதிரியேதான். வித்தியாசமே தெரியாது."

"அப்ப வேணாம்" என்றாள். "எது ஒங்கப்பா வெச்சதுன்னு தெரியாமப் போயிடும்."

முறத்தை எடுத்துக்கொண்டாள். ரெண்டு தடவை புடைத்துவிட்டு, "அந்த மெஷின் வைரத்துல பேத்திக்கு ஒரு மூக்குத்தி பண்ணிப் போடு. கல்லு நல்லாருந்தாப் போதும், எங்கே விளைஞ்சா என்ன?" என்றாள்.

சொல்ல மறந்துவிட்டேன். கழுத்தில் ஒன்றுமில்லையாம். தலகாணியை மாற்றச் சொன்னார் டாக்டர்.